கிறித்துவத் திருச்சபையும் உரோமப் பேரரசும்

எளியோரிடையே வளர்ந்த கிறித்துவம் அரசியல் வலிமை பெற்ற வரலாற்றைக் கூறுவோர், கான்ஸ்டன்டைன் என்னும் ஒரு பேரரசரின் மனமாற்றத்தோடு அதனை முடித்துவிடுதல் வழக்கம். மன்னர் கொடுத்தார், சபை பெற்றது என்பது தேர்வுக்குப் போதும். ஆனால், கொடுத்த கையைப் போலவே கேட்ட வாயையும் நோக்கினால்தான் உண்மை விளங்கும்.

கி.பி. 112ஆம் ஆண்டையொட்டி, சின்ன ஆசியாவின் வடபகுதியில் ஆளுநராயிருந்த பிளினி, கிறித்துவர் செய்யும் குற்றந்தான் யாது என்று துருவி ஆராய்ந்து பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடுகின்றனர். கிறித்துவைத் தெய்வமாகப் பாடுகின்றனர். திருடோம், பிறன்மனை நயவோம், சொன்ன சொல் தவறோம் என உறுதி கூறுகின்றனர். மீண்டும் ஒருமுறை கூடி உண்கின்றனர். அவர் கண்டது இவ்வளவே. உண்மையறிய அவர் வதைத்த இருவரும் சபைப்பணி செய்த அடிமைப் பெண்கள்.

நூற்றைம்பது ஆண்டு செல்வதற்குள் நிலைமை மாறியது. 251ஆம் ஆண்டளவில் உரோம் நகரச் சபை 1,500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் பேணி வந்தது. இத்தனை பேருக்குச் சோறிட வேண்டுமாயின் நிதி வேண்டும், கணக்கு வேண்டும், ஆணையிட ஒருவர் வேண்டும். ஆயர் என்னும் தமிழ்ச்சொல் மேய்ப்பரை நினைவூட்டுகிறது; கிரேக்க மூலச்சொல்லுக்கோ மேற்பார்வையாளர் என்பதே பொருள். அதிகாரத்தின் முதல் விதை அறப்பணியிலேயே விழுந்தது எனலாம்.

303இல் டயோக்ளீஷியன் கோவில்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். முதலில் இடிக்கப்பட்டது நிக்கோமீடியா நகரில், அவருடைய அரண்மனையிலிருந்தே பார்க்கக்கூடிய கோவில். உயிருக்கு அஞ்சி மறைநூலை ஒப்படைத்தோர் உண்டு. மறுத்து மாண்டோரும் உண்டு. 313இல் மிலான் உடன்பாட்டின்படி வழிபாட்டுரிமையும் பறிக்கப்பட்ட உடைமையும் மீண்டன. குருமாருக்கு நகராட்சிச் சுமைகளிலிருந்து விலக்குக் கிடைத்தது. 321இல் சபைக்குச் சொத்தெழுதி வைக்கவும் சட்டம் இடந்தந்தது. விலக்குக் கிடைக்கும் என்றறிந்த செல்வர் குருப்பட்டத்தை நாடி ஓடினர். அவர்களைத் தடுக்கக் கான்ஸ்டன்டைனே பின்னர்ச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று!

இதனினும் ஆழமானது வட ஆப்பிரிக்காவில் எழுந்த பிணக்கு. மறைநூலை ஒப்படைத்தவர் கையால் பட்டம் பெற்ற ஒருவர் கார்த்தேஜ் நகருக்கு ஆயராகலாமா? உற்றாரைப் பறிகொடுத்தோர் கேட்ட கேள்வி அது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின், அவ்வாயரை எதிர்த்தோர் 313இல் பேரரசரிடமே முறையிட்டனர். அவர் உரோமிலும், அடுத்த ஆண்டு ஆர்ல் நகரிலும் ஆயர்களைக் கூட்டி விசாரிக்கச் செய்தார். இரண்டிலும் தீர்ப்பு எதிராயிற்று, அவர்கள் பணியவில்லை. சில ஆண்டுகளில், வழக்குத் தீர்க்க அழைக்கப்பட்டவரின் படைவீரர் அவர்கள் கோவில் வாயிலில் நின்றனர். 321இல் அம்முயற்சியைக் கான்ஸ்டன்டைன் கைவிட்டார். அவர் பின்வந்தோர் கைவிடவில்லை.

325இல் நைசியாவில் ஆயர்களின் பெருமன்றத்தைக் கூட்டியவரும் பேரரசரே. 380இல் தியோடோசியஸ், உரோம், அலெக்சாந்திரியா ஆயர்கள் கொண்ட கொள்கையே குடிமக்கள் அனைவர்க்கும் உரிய சமயம் என ஆணை பிறப்பித்தார்.

அடுத்து நேர்ந்ததைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. இசுபானிய ஆயர் பிரிசிலியன் கடுந்துறவை வலியுறுத்தியவர். அவர் கொள்கை பிழையென வேறு ஆயர்கள் குற்றஞ்சாட்டினர். ஆயர் மன்றத்தின் தீர்ப்புக்கு உட்படாமல் அவரும் பேரரசரை நாடினார். மேற்கே ஆண்ட மாக்சிமஸ் அவர்மீது சூனியக் குற்றஞ்சுமத்தி விசாரித்து, 385ஆம் ஆண்டளவில் டிரையர் நகரில் தோழர் சிலரோடு தலையை வெட்டுவித்தார். மறைநூல் எரிந்த நாளுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டு. ஒரு முதியவரின் வாழ்நாள்!

எல்லா ஆயரும் இதற்கு உடன்பட்டனர் என்பது தவறு. மிலான் ஆயர் அம்புரோஸ், குற்றஞ்சாட்டிய ஆயர்களோடு உறவுகொள்ள மறுத்தார். தூர் நகர ஆயர் மார்ட்டின், சபையை விட்டு நீக்குவதே போதிய தண்டனை, குருதி வேண்டாம் என்று முன்னரே மன்றாடியிருந்தார். அவர் இருந்தவரை வாள் உறையில் கிடந்தது. ஊரை விட்டு அகன்றதும் உருவப்பட்டது. பின்னர், எஞ்சியோரின் உயிரைக் காக்கும் பொருட்டு ஒரேயொரு நாள் அந்த ஆயர்களோடு வழிபாட்டில் கலந்துகொண்டார். அதன்பின் பதினாறு ஆண்டு வாழ்ந்தும் எந்த ஆயர் மன்றத்திற்கும் அவர் சென்றதில்லை என்று, அவரை நேரில் அறிந்த சுல்பீசியஸ் செவேருஸ் எழுதி வைத்துள்ளார்.