மலர்முகமா, முகமலரா?

மலர்முகம், முகமலர் இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணித் தேர்வில் மதிப்பெண் இழந்தவள் நான். நீங்களும் இழக்காதிருக்கவே இக்கட்டுரை.

மலர் போலும் முகம் என்பது உவமை. இங்கு மலர் உவமானம், முகம் உவமேயம், ‘போலும்’ என்பது உவம உருபு. ‘போல’ முதலாக 12 உருபுகளை நன்னூல் எடுத்துக் கூறுகிறது. உருபு மறைந்து ‘மலர்முகம்’ என வந்தால் அது உவமைத்தொகை.

முகமலர் என்பதோ முகமாகிய மலர். முகம் வேறு, மலர் வேறு என்னாமல் இரண்டையும் ஒன்றாக்குவதால் இது உருவகம்.

நினைவிற்கொள்ள எளிய வழி இதுதான்: உவமானம் முன்னே நின்றால் உவமைத்தொகை, உவமேயம் முன்னே நின்றால் உருவகம். சொல் இடம் மாறினால் பொருளும் மாறும். இனி, கயல்விழி, பாதமலர் எவ்வகை எனச் சொல்லுங்கள், பார்ப்போம்!