முறிந்தால் மீண்டும் கிடைக்குமா?

சீர்காழியிலிருந்து எருக்கூரைக் கடக்கும்போதெல்லாம், அங்கே 1889-இல் பிறந்து, ஆஷ் கொலை வழக்கில் முதல் எதிரியாக நின்ற நீலகண்ட பிரம்மச்சாரி நம் நினைவுக்கு வருகிறார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஏந்தியது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.

அக்காலத்துப் பிரௌனிங்குகளைச் சேகரித்து, இன்றும் சுட்டுப் பார்ப்போர் மேல்நாடுகளில் உண்டு. சுடுமுன் அவர்கள் செய்வது என்ன? நாட்பட்ட சுருள்வில்லையும் ஊசியையும் கழற்றி, எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்திவிட்டு, புதியவற்றைப் பொருத்துகிறார்கள். எளிதில் நொறுங்கும் கைப்பிடித் தகடுகளுக்கும் அவ்வாறே மாற்று உண்டு. வலிமை மிகுந்த தோட்டாவைத் தொடுவதேயில்லை. அசல் உறுப்பு முறிந்தால் அதற்கு ஈடு ஏது?

சரித்திர புருஷர் கைபட்ட ஆயுதமாயின், சுடாமல் காப்பதே முறை. நம் வீட்டுப் பரணில் உறங்கும் பழம்பொருள்களிடம் நாம் இத்தனை கரிசனம் காட்டுகிறோமா?