உங்களுக்குத் தெரியுமா? நீல் சிலையை அகற்றிய போராட்டம்

1857 எழுச்சியை ஒடுக்கியபோது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடூரம் புரிந்த பிரிட்டிஷ் தளபதி நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சுத்தியலோடு போய்ச் சிலையை அடித்த தொண்டர்கள் எதிர்ப்பின்றிக் கைதானார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் சிறுமியான தம் மகளோடு சிறை புகுந்தார். அப்போதும் சிலை அகலவில்லை. 1937இல் தேர்தல் வழியே ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது அருங்காட்சியகத்துக்குப் போனது.

அப்படியானால் சாதித்தது தேர்தல்தானே என்று கேட்கலாம். அதிகாரத்தைத் தேர்தல் தந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சிலை ஓர் அவமானம் என்பதை ஊரறியச் செய்தவர்கள் பத்தாண்டுகளுக்கு முன் சிறை சென்றவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் அமைச்சரவையின் முன் அந்தக் கோரிக்கையே இருந்திருக்காது. அதே 1937இல் அஞ்சலையம்மாள் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.