கனவு என்று தெரிந்தே கனவு காணலாம்!

யாரோ துரத்தும் கனவில், "இது கனவுதான்" என்று உணர முடியுமா? முடியும்!

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975-ம் ஆண்டு கீத் ஹெர்ன் இதைக் கருவியில் பதிவு செய்தார். தூங்கிய ஆலன் வொர்ஸ்லி, கனவுக்குள் இருந்தபடியே கண்களை இடமும் வலமும் அசைத்து சைகை காட்டினார்.

பயிற்சி இதுதான்: விழித்ததும் கனவை எழுதி வையுங்கள். பகலில் மாதுங்கா ரெயில் நிலையப் பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்துப் பழகுங்கள். கனவில் மறுமுறை பார்த்தால் எழுத்துக்கள் பெரும்பாலும் மாறிவிடும். படுக்கும்போது, "கனவு வந்தால் கண்டுகொள்வேன்" என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட கனவால் அவதிப்படும் சிலருக்கு இதனால் பயம் குறைகிறது. ஆனால், நடுவில் அலாரம் வைத்து எழும் முறை, இரவு ஷிப்டு பார்த்துவிட்டு தாராவி திரும்புவோருக்கு ஆகாது. தூக்கம் கெட்டால் மறுநாள் எந்திரத்தின் முன் கைதான் தவறும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுவோர் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.