மின்சாரக் கார் வாங்குமுன் வெள்ளோட்டம் அவசியமா?

(நாராயணவனம் நிருபர்)

புதுத் தேர் செய்து முடித்த உடனே அதில் சுவாமியை ஏற்றிவிடுவதில்லை. முதலில் வெறுந்தேரை இழுத்துப் பார்க்கிறார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அதையும் எங்கோ ஒரு மைதானத்தில் இழுப்பதில்லை. திருவிழா அன்று தேர் எந்த வீதிகளில் வலம் வருமோ, அதே வீதிகளில்தான் இழுக்கிறார்கள். எந்த முக்கில் திரும்ப மறுக்கிறது, எங்கே முட்டுக்கட்டை போடவேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடுகிறது.

கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டுள்ள நாராயணவனத்தில், எங்கள் குடும்பத்தில் இரண்டு மாதங்களாக நடந்துவந்த ஒரு வாக்குவாதத்துக்கு இந்த வெள்ளோட்டம்தான் விடை சொல்லிற்று. வாக்குவாதம் தேரைப் பற்றியது அல்ல, காரைப் பற்றியது. அதுவும் மின்சாரக் கார்.

என் அக்காள் கணவர் இங்கே நான்கு விசைத்தறி வைத்திருக்கிறார். அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரம் மூன்று நாள் திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இங்கிருந்து புத்தூர், வடமாலப்பேட்டை வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 40 கி.மீ. நான் ரயில்வே ஊழியன்; ஆனாலும் ரயிலில் போ என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவருக்கு மேம்பாலப் படி ஏறத் தெம்பு ஏது? ஆகவே வாடகைக் கார்தான். வாரத்துக்கு மூன்று வாடகை என்றால், நான்கு தறியும் யாருக்காக ஓடுகின்றன என்று கேட்க வேண்டியதில்லை.

மாமா கணக்குப் போட்டார். வாடகைக்குக் கொடுப்பதை வங்கித் தவணையாகக் கட்டினால் சொந்தக் காரே வந்துவிடும். பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம் என்றால் ஓட்டும் செலவும் குறைவு. பெங்களூரில் இருக்கும் உறவினர் ஒருவர் ஏற்கெனவே வாங்கி, ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டார். கைபேசியிலேயே முன்பணம் கட்டிவிடலாம் என்று மாமா உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது மச்சான்? கியர் இல்லை, கிளட்ச் இல்லை. எல்லா மின்சாரக் காரும் ஒரே மாதிரிதானே ஓடும்?" என்றார்.

பெருமாளே குபேரனிடம் கடன் வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது ஐதீகம். அந்தக் கல்யாணம் நடந்தது எங்கள் ஊரில். கடனுக்கு இங்கே யாரும் அஞ்சுவதில்லை. "பெருமாளும் பெண்ணைப் பார்த்த பிறகுதான் மாமா கடன் வாங்கினார்" என்றேன். அக்காள் சிரித்துவிட்டாள். மாமா கைபேசியைக் கீழே வைத்தார்.

பத்து நிமிட மயக்கம்

திருப்பதியில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பத்து நிமிடம் ஓட்டக் கொடுத்தார்கள். வழவழப்பான சாலையில் ஒரு சுற்று. மின் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல் என்ஜின் வேகம் பிடித்த பிறகுதான் முழு இழுவையைக் கொடுக்கும். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே கொடுத்துவிடும். காலை வைத்ததும் கார் பாய்ந்தது. சத்தமும் இல்லை. மாமாவுக்கு வயது 54. இறங்கும்போது 24 ஆகிவிட்டார். அங்கேயே கையெழுத்துப் போடத் துடித்தார். அதுவும் பெரிய பாட்டரி வைத்த, விலை கூடிய வண்டிக்கு!

இந்தப் பத்து நிமிடத்தால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். வாங்குகிறவருக்கு ஆசை வளர்ந்ததே தவிர, தகவல் வளரவில்லை. இப்படி ஓட்டிப் பார்ப்பதைவிட ஓட்டிப் பார்க்காமல் இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே சார்ஜில் இத்தனை கி.மீ. ஓடும் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த எண் சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட ஒரு முறைப்படி ஓட்டிக் கண்டது. நம் ஊர் வெயிலும், ஏ.சி.யும், ஐந்து பேர் பாரமும் அதில் சேராது. 2020 ஜனவரியில் டாடா நிறுவனம் நெக்ஸான் மின்சாரக் காரை வெளியிட்டபோது, 30.2 யூனிட் பாட்டரிக்கு 312 கி.மீ. என்று சான்றிதழ் பெற்றிருந்தது. வாங்கி ஓட்டியவர்கள் பலர் 200ஐ ஒட்டித்தான் சொன்னார்கள். பிறகு 2024இல் அதே நிறுவனம் கர்வ் காரை வெளியிட்டபோது, சோதனை எண் 585 என்றும், நடைமுறையில் பெரும்பாலோருக்குக் கிடைக்கக்கூடியது 400 முதல் 425 என்றும் தானே இரண்டு எண்களைச் சொல்லிவிட்டது. இது பாராட்டத்தக்கது.

மின்சாரக் கார் தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1993இல் டில்லி வாகனக் கண்காட்சியில் வைக்கப்பட்ட லவ்பேர்டு என்ற இரண்டு பேர் கார், சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் தயாரானது. விற்பனைதான் ஆகவில்லை. 2001இல் பெங்களூரில் வந்த ரேவா, லண்டன் வரை போய் ஓடியது. அந்த நாளில் ஈய பாட்டரி, இப்போது லித்தியம். கார் மாறிவிட்டது. வாங்குகிறவரின் அவசரம் மட்டும் மாறவில்லை!

ரயில்வேயில் ஒரு வழக்கம்

ரயில்வேயில் எவ்வளவு அனுபவம் உள்ள டிரைவரானாலும், பழக்கமில்லாத மார்க்கத்தில் உடனே வண்டியைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் அந்த வழியில் பகலிலும் இரவிலும் சில நடைகள், வழி தெரிந்த டிரைவருடன் என்ஜினில் போய்வர வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே வளைவு, எந்த சிக்னல் எந்தப் பக்கம் என்று மனத்தில் ஏற்றிக்கொண்டு, 'வழி கற்றேன்' என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாக வண்டி. என்ஜின் ஓட்டத் தெரியும் என்பது வேறு. இந்த வழியில் ஓட்டத் தெரியும் என்பது வேறு.

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். நாம் சோதிக்க வேண்டியது காரை அல்ல. நாராயணவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே அந்தக் கார் எப்படி இருக்கிறது என்பதை. அதுவும் அக்காள் உட்கார்ந்திருக்கும்போது.

சிகிச்சை நாளில் ஒரு சோதனை

வேறொரு விற்பனை நிலையத்தில் விஷயத்தை விளக்கினோம். அங்கிருந்த இளைஞர் நல்ல மாதிரி. அக்காவின் சிகிச்சை நாளன்றே, சிறிய பாட்டரி வைத்த சின்னக் கார் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்தார். பாட்டரி 24 யூனிட். விளம்பரத்தில் 300 கி.மீ.க்கு மேல் போட்டிருக்கிறது.

திருப்பதியில் முழு சார்ஜுடன் கிளம்பியவர், எங்கள் வாசலுக்கு வந்தபோது 78 சதவீதம் காட்டியது. அக்காள், மாமா, நான், அந்த இளைஞர் என்று நான்கு பேர் ஏறி, ஏ.சி. போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது 55. நான்கு மணி நேரம் காரைச் சார்ஜ் செய்யாமல் அவர்கள் நிலையத்திலேயே விட்டுவைக்கச் சொன்னோம். மதியம் கொளுத்தும் வெயிலில் வீடு திரும்பியபோது 31. கணக்கு எளிது. போகவர 80 கி.மீ.க்குப் பாதி பாட்டரிகூடச் செலவாகவில்லை. பெரிய பாட்டரி எங்களுக்கு எதற்கு? அதற்கென்று கூடுதலாகக் கொடுக்க இருந்த பணம் அந்த நிமிடமே மிச்சம்.

ஆனால் எண்ணில் தெரியாத ஒன்று வழியில் தெரிந்தது. மின்சாரக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி, ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். எங்கள் புதிய ரயில் என்ஜின்களும் இப்படி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பித் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலைச் சட்டென்று எடுத்தால் கார் பின்னால் யாரோ பிடித்து இழுத்த மாதிரி நிற்கிறது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. பின் சீட்டில் இருப்பவருக்குத் தெரியும். திரும்பும்போது வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் அக்காவுக்குத் தலை சுற்றி, குமட்டி, காரை நிறுத்த வேண்டியதாயிற்று.

இளைஞர் பதறவில்லை. அந்த இழுவையைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. மிகக் குறைந்த அளவில் வைத்தார். மாமாவைக் காலை மெதுவாக எடுக்கச் சொன்னார். அக்காவை முன் சீட்டுக்கு மாற்றினோம். புத்தூர் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

இன்னொன்று. பாட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில கார்களில் பின் சீட்டுத் தரை உயர்ந்து, முழங்கால் மார்பை நோக்கி வருகிறது. முதல் நிலையத்தில் மாமா மயங்கிய பெரிய கார் அப்படித்தான். அன்று பின் சீட்டில் யாரும் உட்கார்ந்தே பார்க்கவில்லை. எங்கள் ஊர்த் தெருக்களின் வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிக்கிறதா என்பதையும், ஆள் ஏறிய வண்டியில்தான் பார்க்க வேண்டும். சின்னக் கார் தப்பித்தது.

செருகியதும் சிவப்பு விளக்கு

கடைசிச் சோதனை வீட்டுச் சுவரில். 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும், 80 கி.மீ. ஓட்டத்தை ஈடுகட்ட நான்கு மணி நேரம் போதும். இளைஞர் கேபிளைச் செருகினார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏற மறுத்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, எர்த் சரியில்லை என்றார். அப்பா காலத்தில் போட்ட எர்த் குழி. மண் உலர்ந்து கட்டாந்தரையாகி இருக்கிறது. மிக்ஸியும் டி.வி.யும் இத்தனை நாள் குறை சொல்லவில்லை. கார் சொல்லிற்று. தறிக் கொட்டகை இணைப்பில் செருகலாமே என்றார் மாமா. அது தறிக்கென்று வாங்கிய தனி இணைப்பு. அதில் காருக்கு மின்சாரம் எடுப்பது விதிப்படி குற்றம். வீட்டு இணைப்புக்கே கூடுதல் லோடு கேட்டு மின் விநியோக அலுவலகத்தில் மனுக் கொடுப்பதுதான் வழி. கைபேசியில் முன்பணம் கட்டியிருந்தால், வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு இது தெரிந்திருக்கும். அடுத்த நாள் டயாலிசிஸுக்கு மறுபடி வாடகைக் கார்!

அந்த இளைஞரின் பாடுதான் பாவம். 31 சதவீதத்துடன் 40 கி.மீ. திரும்ப வேண்டும். ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மாட்டு வண்டிக்கு வழிவிடும் பொறுமையோடு கிளம்பினார். இரவு தொலைபேசியில், 9 சதவீதத்தில் சேர்ந்தேன் சார் என்றார். ஒரே சார்ஜில் 160 கி.மீ. நல்ல வெயிலில். எந்த விளம்பரத்திலும் கிடைக்காத எண் எங்களுக்குக் கிடைத்தது.

நகரத்தில் தினம் 15 கி.மீ. ஆபீஸ் போய்வருகிறவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லைதான். நம்மைப் போல் ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓட்டுகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. லைசென்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். சோதனை ஓட்டத்தில் கார் இடித்தால் செலவு யாருடையது என்பதையும் வாயால் அல்ல, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் என்பது பரவலாகத் தரப்படுவது. வாரம் 240 கி.மீ. ஓட்டும் எங்களுக்கு 8 ஆண்டுதான் முந்தும்.

சின்னக் காருக்கே மாமா பதிவு செய்திருக்கிறார். புது எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டாயிற்று. லோடு மனு நிலுவையில் இருக்கிறது. அது முடிந்து, ஆடி கழிந்து ஆவணியில் வண்டி எடுப்பதாக ஏற்பாடு. எர்த் குழிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அக்காவின் சின்ன மகன் வேலை. முன் சீட்டு யாருக்கு என்பதில் மட்டும் அவனுக்கும் அம்மாவுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.