உங்களுக்குத் தெரியுமா? 19 கோடிப் பேரின் மருத்துவ ரகசியம்

2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனக் கணினிகளில் இணையத் திருடர்கள் புகுந்தனர். பாதிக்கப்பட்டோர் சுமார் 19 கோடிப் பேர், அதாவது அந்நாட்டு மக்களில் பாதிக்கும் மேல்! கடவுச்சொல்லைத் தாண்டி இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவுத்தளமே வழிவிட்டது. இத்தனை பெரிய நிறுவனத்துக்கு இது மன்னிக்க முடியாத அலட்சியம். 2.2 கோடி டாலர் கப்பம் கட்டிய பிறகும் மிரட்டல் ஓயவில்லை.

தகவல் கசிந்தது தெரிந்த 60 நாளுக்குள் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அங்குள்ள ஹிப்பா எனும் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டம். ஆனால் அதன்கீழ் நோயாளி நேரடியாக வழக்குப் போட முடியாது. மாநிலச் சட்டங்களைத்தான் நாட வேண்டும். தன் பெயரில் வேறொருவர் கடன் வாங்காதபடி கடன் அறிக்கையை முடக்கிவைக்கலாம். 2018 முதல் இது இலவசம். காப்பீட்டுக் கணக்கில் பெறாத சிகிச்சை தென்பட்டால், காப்பீட்டு நிறுவனத்திடம் உடனே புகார் செய்ய வேண்டும்.