பாட்டும் வானொலியும் நியாயம் பேசட்டும்



ஒரு ஊரில் கலவரம் நடந்தால் பத்து நாளில் கடை திறந்துவிடும், பஸ் ஓடிவிடும், போலீஸ் வேனும் போய்விடும். "எல்லாம் சரியாயிட்டு" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் இழவு விழுந்த வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு எதுவும் சரியாவதில்லை. நடந்தது என்ன? யார் பொறுப்பு? இனிமேல் நடக்காம இருக்க என்ன வழி? இந்த மூணு கேள்விக்கும் பதில் கிடைத்தால்தான் நியாயம் கிடைத்தது என்று அர்த்தம். நிவாரணப் பணம் அதில் ஒரு பங்குதான்.

அந்தப் பதிலைக் கேட்டு வாங்க, சமுதாய வானொலியும் பாட்டும் எப்படி உதவும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

நம்ம மாவட்டம் பட்ட காயங்கள்

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீசார் புகுந்து வீடுகளையும் பொருட்களையும் நாசம் செய்தார்கள். 1997-ல் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டபோது, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான்.

2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாளில், போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதிலும் அதைத் தொடர்ந்த சம்பவங்களிலும் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. மறுநாள் முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் சில நாள் நிறுத்தப்பட்டது. எது உண்மை, எது புரளி என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள். மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்துக் கொடுத்த அறிக்கை, 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி அதில் பரிந்துரை இருக்கிறது. பல பாகங்கள் கொண்ட அந்த அறிக்கையை நம் குழுக்களில் எத்தனை பேர் படித்தோம்? படிக்கத் தெரிந்தவர்களுக்கே அது கஷ்டம். எழுதியதை வாயால் சொல்லிக் காதுக்குக் கொண்டுபோக வேண்டும். வானொலியும் பாட்டும் செய்கிற வேலை அதுதான்.

அடுப்பும் எரிக்கும், வீட்டையும் எரிக்கும்

ஒலிபெருக்கி நெருப்பு மாதிரி. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்று ஒரு சின்ன நாடு. அங்கே 1994-ல் நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு தனியார் வானொலி "அவங்களை விடாதே" என்று நாள் முழுக்கத் தூண்டிவிட்டது. நடுநடுவே ஆட்டம்போட வைக்கிற பாட்டும் போட்டது. சிமோன் பிகிண்டி என்கிற பிரபல பாடகர், வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் கொலைக்குத் தூண்டிப் பேசினார். அதற்காக 2008-ல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அவருக்கு 15 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது.

அதே நாட்டில் 2004-ல் "புதிய விடியல்" என்று பொருள்படும் பெயரில் ஒரு வானொலி நாடகம் தொடங்கியது. பகை மூண்ட இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை அது. பக்கத்து வீட்டுக்காரனே எப்படி எதிரியாக்கப்பட்டான், மறுபடி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று வாராவாரம் பேசியது. எந்த வானொலி பகையை மூட்டியதோ, அதே வழியில் பகையைத் தணிக்கும் பேச்சும் போனது.

நம்ம பக்கமும் யோசிக்க வேண்டும். கொடை விழாவிலும், கல்யாண வீட்டிலும், தனியார் பஸ்ஸிலும் ஒரு சாதியை உயர்த்தி இன்னொரு சாதியைச் சீண்டுகிற பாட்டு போடுகிறார்களே, அது யார் வீட்டுப் பிள்ளையின் கையில் அரிவாளைக் கொடுக்கும்?

பெண்கள் கையில் வானொலி

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2006-ல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது.

அதற்கு முன்பே, 2003-ல், கர்நாடகாவில் புதிகோட்டை என்ற ஊரில் சுய உதவிக் குழுப் பெண்கள் சேர்ந்து "நம்ம த்வனி" நடத்தினார்கள். அப்போது லைசென்ஸ் கிடைக்காது. அதனால் கேபிள் வழியாகவே நிகழ்ச்சியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-ல் இப்போதைய தெலங்கானாவில் தலித் பெண்கள் "சங்கம் ரேடியோ" தொடங்கினார்கள். அதிகம் படிக்காத, கூலி வேலை செய்த பெண்களே பேட்டி எடுத்து, ஒலிப்பதிவு செய்து, நிலையத்தை நடத்தினார்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் "களஞ்சியம்" வானொலியும், 2016-ல் பாம்பனில் மீனவர்களுக்காக "கடல் ஓசை"யும் வந்தன.

ஒரு பாட்டு என்ன செய்யும்?

கொடைக்கானலில் யூனிலிவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடம்பு கெட்டுப்போனது என்று தொழிலாளர்கள் பல வருஷம் போராடினார்கள். 2015-ல் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் அதை ஒரு பாட்டாகப் பாடி வெளியிட்டார். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டும் ஜெயித்துவிடவில்லை. 15 வருஷம் விடாமல் நின்றது தொழிலாளர்கள்தான். அவர்கள் குரலை உலகம் கேட்கும்படி செய்தது பாட்டு.

நம்மிடம் பாட்டுக்கு என்ன பஞ்சம்? வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறது. நாற்று நடுகிற பாட்டு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒப்பாரி இருக்கிறது. சபையில் பேச விடாத பெண்கூட ஒப்பாரியில் அண்ணன் தம்பியையும் ஊரையும் சாமியையும் நேருக்கு நேர் கேள்வி கேட்பாள். அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

விதிமுறை என்ன?

• பதிவு செய்து குறைந்தது 3 வருஷம் பொதுப்பணி செய்த, லாப நோக்கமில்லாத அமைப்பு விண்ணப்பிக்கலாம். டெல்லியில் உள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதி தரும்.
• ஒலிபரப்பு சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும்.
• நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும்.
• சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலிச் செய்தியை எடுத்துப் போடலாம். அரசியல் பிரசாரம் கூடாது.

நிலையம் இல்லாமலே தொடங்கலாம்

ஒரு செல்போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் போதும். வாரக் கூட்டத்தில் சேமிப்பு வசூலித்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. பாதிக்கப்பட்டவர் பேச விரும்பினால் மட்டும் பதிவு செய்யுங்கள். முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். "இது வேண்டாம்" என்றால் அழித்துவிடுங்கள்.
2. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண், குழந்தையின் பெயரோ அடையாளமோ வெளியே வரக்கூடாது. அது சட்டப்படி குற்றம்.
3. கேள்விப்பட்டதைச் சேர்க்க வேண்டாம். கண்ணால் பார்த்தவர் சொல்லட்டும், அல்லது காகிதத்தில் இருப்பதை வாசியுங்கள். ஆணைய அறிக்கையைக்கூடப் பகுதி பகுதியாக வாசிக்கலாம்.
4. இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டுங்கள். யாரையும் சாதி சொல்லி ஏசாத பாட்டாக இருக்கட்டும்.
5. கேட்டதோடு விடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்குப் போன் செய்யலாம். ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181.

கடன் திருப்புவதில் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று நாம் பார்ப்பதில்லை. ஒருத்தி தவணை கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் தோள் கொடுக்கிறோம். நியாயம் கேட்பதிலும் அப்படியே இருப்போம். ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, நம் பகுதியில் எந்தப் பாட்டு வேண்டாம், எந்தக் குரல் கேட்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். நீங்கள் கட்டிய பாட்டைக் கூட்டமைப்புக்கு அனுப்பிவையுங்கள். மற்ற ஊர்க் குழுக்களும் கேட்கட்டும்.